சானடோரியத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே

புற்றுநோயாளிகளைக் கொரோனா இரு வழியாகத் தாக்கியது. சிகிச்சையால் ஏற்கெனவே தளர்ந்திருந்த உடலுக்குள் தொற்று புகுந்தது ஒரு வழி. தொற்றைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாடுகளால் நோயாளி மருத்துவமனைக்குப் போக முடியாமல் போனது மறு வழி. தென்சென்னைப் புறநகரில் இவை எப்படி நடந்தன என்று அறிய, அந்த வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும். தாம்பரம் சானடோரியமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருபது கிலோமீட்டருக்குள் அமைந்தவை. நோயாளியை ஊரை விட்டுத் தள்ளி வைத்தால் குணமாக்கலாம் என்ற நம்பிக்கையில் பிறந்தது முன்னது. நோயாளி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால்தான் குணமாகும் ஒரு நோய்க்காகப் பிறந்தது பின்னது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928ஆம் ஆண்டு, டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்துக்கு அருகே தனியார் காசநோய் விடுதி ஒன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய விடுதி ஒன்றை நடத்தித் தேர்ந்தவர் அவர். நகரத்துப் புகையும் நெரிசலும் எட்டாத பச்சைமலைப் பகுதி அவருக்குப் பொருத்தமான இடமாகத் தெரிந்தது. திறந்த காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவைதான் அன்றைய சிகிச்சை. 1937இல் சென்னை மாகாண அரசு விடுதியை ஏற்றுக்கொண்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஒரு ரயில் நிலையத்துக்கும், அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கும் ‘சானடோரியம்’ என்ற பெயரே நிலைத்தது. நோயின் பெயரை நேராகச் சொல்லத் தயங்கிய மக்கள், அதற்கான இடத்தின் பெயரை மட்டும் நாள்தோறும் பயணச்சீட்டு வாங்கும்போது சொல்லி வந்தார்கள்.

தள்ளி வைப்பதே மருந்து என்ற கொள்கையைத் தகர்த்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலும், மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்து அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகலாம். அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவுவதும் இல்லை. விலகி இருப்பதைவிட மருந்து தவறாமல் கைக்கு வந்து சேர்வதே முக்கியம் என்ற அந்தப் பாடம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு தொற்றின்போது மறுபடியும் தேவைப்பட்டது.

மருந்து வந்த பிறகும் சானடோரியம் மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றுத் தொடர்ந்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பல இடங்களில் அந்த நோயாளிகளைத் தொட மறுத்த காலத்தில், 1993இலிருந்து தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவச ஏ.ஆர்.டி. மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் எட்டு மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் இருந்தது. எதிர்ப்பு சக்தி இழந்த உடலில் சாதாரணத் தொற்றும் என்ன செய்யும் என்பதை இங்குள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் கொரோனா வருவதற்குள் கால் நூற்றாண்டுக்கு மேல் படுக்கையருகே நின்று பார்த்திருந்தார்கள். மாநிலத்தில் மிகச் சில மருத்துவமனைகளுக்கே அத்தகைய அனுபவம் இருந்தது.

அடையாற்றின் கதை ஒரு வீட்டுத் துக்கத்தில் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அதற்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் எடுத்த முயற்சிக்குப் பலன் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1950களிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஏழைகளுக்குக் கட்டணமின்றியோ சலுகையிலோ சிகிச்சை கிடைக்கும் என்ற செய்தி தென்மாவட்டங்களிலும் ஆந்திரத்திலும் பரவியது. வடக்கே வரும் ரயிலும் பேருந்தும் தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி, பிறகு மாநகரப் பேருந்து என்று அடையாறு போய்ச் சேர்வது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பழகிப்போன வழி. பின்னாளில் குரோம்பேட்டை, தரமணி, பெரும்பாக்கம் பகுதிகளில் பெரிய தனியார் மருத்துவமனைகள் எழுந்தன. கையில் காசில்லாதவர்களின் வழி மட்டும் மாறவில்லை.

அந்த வழிதான் 2020இல் அடைபட்டது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி மார்ச் 7ஆம் தேதி கண்டறியப்பட்டார்; ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். மார்ச் 22 நள்ளிரவோடு நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நின்றன. புறநகர் மின்சார ரயிலும் நின்றது. 24ஆம் தேதி மாலை மாநில அரசின் தடை உத்தரவும், மறுநாள் தேசிய ஊரடங்கும் வந்தன. மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். மருத்துவத் தேவைக்கு அனுமதி உண்டு என்றாலும், விண்ணப்பிக்கக் கைபேசி வேண்டும், வண்டிக்கு வாடகை வேண்டும், செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் நின்று காகிதத்தைக் காட்ட வேண்டும். ஜூன் 19 முதல் சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு மறுபடியும் வந்தது. மாநகரப் பேருந்துகள் செப்டம்பரில்தான் ஓடத் தொடங்கின. புறநகர் ரயிலில் பொதுமக்கள் எல்லாரும் ஏற டிசம்பர் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் தொடர்வது. கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. நடுவில் விட்டால் கட்டி மீண்டும் வளரக்கூடும். அறுவைக்கோ மருந்துக்கோ நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் அளவிடக்கூடிய அளவுக்கு ஏறும் என்பதை அதே ஆண்டில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ரத்தத் தட்டணுக்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. கல்லூரிகள் மூடிக் கிடந்ததால் ரத்ததான முகாம்கள் நடக்கவில்லை. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கோ அது தள்ளிப்போட முடியாத தேவை.

இழப்பின் அளவை நாட்டளவிலான ஒரு கணக்கு சொல்கிறது. இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிவுசெய்த நோயாளிகள் 1,12,270இலிருந்து 51,760ஆகக் குறைந்திருந்தார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாயின. கதிர்வீச்சு 23 விழுக்காடே குறைந்தது. ஏற்கெனவே தொடங்கிய சிகிச்சையை எப்பாடுபட்டாவது முடித்திருக்கிறார்கள் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. நோய் இருக்கிறதென்று தெரியாமலே வீட்டில் இருந்தவர்கள்தான் பெரிதும் தவறவிடப்பட்டார்கள். மார்பில் தட்டுப்பட்ட கட்டியையும், ஆறாத வாய்ப்புண்ணையும் ‘ஊரடங்கு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டவர்களின் இழப்பு எந்த ஊரடங்குக் கணக்கிலும் தனியாக ஏறவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி அதுவே.

தொற்று உடலுக்குள் செய்தது என்ன என்பதில் மருத்துவ அறிவு சில மாதங்களிலேயே தடம் மாறியது. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த முதல் செய்தி அச்சமூட்டியது: புற்றுநோய் உள்ளவர்களில் 39 விழுக்காட்டினர் கடுமையான நிலைக்குப் போனார்கள், மற்றவர்களில் 8 விழுக்காடுதான். அதில் இருந்த புற்றுநோயாளிகளோ 18 பேர் மட்டுமே. மே மாத இறுதியில் அமெரிக்கா, கனடா, ஸ்பெயின் நாடுகளின் 928 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 13 விழுக்காடு. வயது, இதயம் சிறுநீரகம் போன்றவற்றின் நோய்கள், படுக்கையோடு கிடக்கும் நிலை, வளர்ந்துகொண்டிருக்கும் புற்று ஆகியவை ஆபத்தைக் கூட்டின. அதே வேளையில் பிரிட்டனின் 800 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், அண்மையில் கீமோதெரபி எடுத்துக்கொண்டதனால் மட்டும் இறப்பு கூடவில்லை என்று கண்டார்கள். சிகிச்சையை நிறுத்துவதே பாதுகாப்பு என்ற பொதுவான பயத்தைத் தளர்த்திய கண்டுபிடிப்பு இது.

எல்லாப் புற்றுக்கும் இது ஒரே அளவில் பொருந்தவில்லை. லுகேமியா, லிம்போமா, மைலோமா நோயாளிகளின் எதிர்ப்பணுக்களே நோய்ப்பட்டவை. ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பி அணுக்களை அழிப்பதால், அவர்களில் சிலரின் உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியது. நுரையீரல் புற்று உள்ளவர்களுக்கு மூச்சுத்திறன் முன்பே குறைந்திருந்தது. நோயை அடையாளம் காண்பதும் எளிதாக இல்லை. கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் என்றால், வெள்ளணு குறைந்ததால் வந்த பாக்டீரியத் தொற்றா, கொரோனாவா என்ற கேள்வியோடு மணிக்கணக்கில் போராட வேண்டும். முன்னதென்றால் ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டும், பி.சி.ஆர். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை.

நெஞ்சுப் படத்தில் விழும் நிழலும் அப்படித்தான். நுரையீரல் புற்றைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிடுவது இந்தியாவின் நெஞ்சக மருத்துவம் நெடுங்காலமாகச் சந்திக்கும் தவறு. 2020இல் கொரோனா நிமோனியாவும், கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சியும் அதே நிழல்களோடு கலந்தன. சளிக்கும் நிழலுக்கும் பழகிய தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அப்போது கொரோனா நோயாளிகளையும் ஏற்றது. தொற்றாளரைத் தனியே வைப்பதற்கு அதன் பரந்த வளாகம் ஏற்றதாக இருந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் காற்றோட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம், காற்றில் பரவும் நோய் வந்தபோது மீண்டும் கைகொடுத்தது.

புற்றுநோய் மருத்துவர்கள் தூரத்தைச் சுருக்க வேறு வழிகளைத் தேடினார்கள். ஊசி மருந்துக்குப் பதில் இயன்ற இடத்தில் மாத்திரை, மறுபரிசோதனைக்குத் தொலைபேசி, வெள்ளணு குறையாமலிருக்க முன்கூட்டியே வளர்ச்சி ஊக்கி ஊசி. மார்பகப் புற்றுக்கான கதிர்வீச்சை மூன்று வாரத்துக்குப் பதில் ஒரே வாரத்தில் ஐந்து வேளையாக முடிக்கலாம் என்ற பிரிட்டன் ஆய்வு, தற்செயலாக 2020 ஏப்ரலில் வெளியாகி பல இடங்களில் விரைவிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து பயணம் ஐந்தாகக் குறைவது, வாடகை வண்டியில் வரும் குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல.

2021 ஜனவரி 16ஆம் தேதி தடுப்பூசி தொடங்கியது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, டாக்டர் சாந்தா 93 வயதில் காலமானார். மார்ச் 1 முதல் 45 வயதைக் கடந்த, இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி திறக்கப்பட்டது. ரத்தப் புற்றுகளும், 2020 ஜூலை முதல் கண்டறியப்பட்ட மற்றப் புற்றுகளும், நடப்பில் புற்றுச் சிகிச்சை பெறுவோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ள நோயாளிகள் மே மாதம்வரை காத்திருக்க நேர்ந்தது. லுகேமியாவும் லிம்போமாவும் இளையவர்களையும் தாக்குபவை என்பதால் வயதுக்கோடு அவர்களுக்கு நியாயமாக அமையவில்லை. திண்மப் புற்று உள்ளவர்களிடம் ஊசி நன்றாகவே வேலை செய்தது. ரத்தப் புற்று உள்ளவர்களில் பலருக்கு இரண்டு தவணைக்குப் பிறகும் எதிர்ப்புப் புரதம் போதிய அளவில் உருவாகவில்லை. கூடுதல் தவணைகளோடு, வீட்டிலுள்ளவர்கள் அனைவரும் ஊசி போட்டுக்கொள்வதும் அவர்களுக்கு அரணாயிற்று.

அதற்குள் டெல்டா வகைக் கொரோனா வந்துவிட்டது. 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் மருத்துவமனை வாசல்களில் வரிசையாக நின்றன. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்த உடல்களில் கரும்பூஞ்சை பரவியது. ரத்தப் புற்று உள்ளவர்களை அந்தப் பூஞ்சை கொரோனாவுக்கு முன்பிருந்தே தாக்கி வந்தது. முதல் அலையில் சிகிச்சையை நிறுத்தியதன் விலை தெரிந்திருந்ததால், இம்முறை கீமோவையும் கதிர்வீச்சையும் இயன்றவரை தொடர்வதே பொதுவான போக்காக இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுத்த படுக்கையான நோயாளிகளுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வர வழி செய்தது. நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. மின்சார ரயில்கள் பழையபடி நிரம்பின. தாம்பரத்தில் இறங்கி, கோப்பு அட்டையும் மருந்துப் பையுமாகக் கிண்டிக்கு வண்டி மாறுகிறவர்கள் மறுபடியும் நடைமேடையில் காணப்பட்டார்கள்.