பவச்சக்கரமும் காஞ்சியும்

பிறப்பும் இறப்பும் ஓயாமல் சுழல்வதை வட்டமாகத் தீட்டிக் காட்டும் பௌத்த ஓவியமே பவச்சக்கரம். நடுவில் சேவல், பாம்பு, பன்றி மூன்றும் ஆசை, வெகுளி, மயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும். சுற்றிலும் தேவர் முதல் நரகர் வரையிலான பிறவிகள். விளிம்பில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் பன்னிரண்டு சார்புகள். முழு வட்டத்தையும் கோரப்பல் உருவம் ஒன்று கவ்விப் பிடித்திருக்கும். இதை மடத்து வாயிலில் வரையும் விதி மூலசர்வாஸ்திவாத விநயத்தில் உள்ளது. அஜந்தாவின் 17-ஆம் குகை முகப்பில் 5-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட சக்கரம் பாதி உதிர்ந்துபோனது. முதலில் பார்த்த ஐரோப்பியர் அதை ராசிச் சக்கரம் என்றே எண்ணிவிட்டனர்.

காஞ்சியில் இப்படியொரு ஓவியம் கிடைக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் 100-க்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும் 10,000 துறவியரையும் குறிப்பிடுகிறார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த நின்ற கோலப் புத்தர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். செங்கல்லும் சுதையும் அழிந்தபோது சக்கரமும் அழிந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அத்துறவியர் ஸ்தவிர மரபினர் என்பதும் யுவான் சுவாங் சொன்னதே. அம்மரபைச் சேர்ந்த தேரவாத விநயத்தில் சக்கரம் வரையும் விதி இல்லை. எனவே காஞ்சியின் பவச்சக்கரத்தைச் சுவரில் தேடுவதைவிடச் சொல்லில் தேடுவதே பொருந்தும்.

அது சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் 30-ஆம் காதையில் இருக்கிறது. காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகள், நாயகி மணிமேகலைக்குப் பேதைமை தொடங்கிப் பன்னிரு சார்புகளையும் விளக்குகிறார். திபெத்திய ஓவியர் ஆறு புலன்களுக்கு ஆறு சாளரமுள்ள வீட்டை வரைவர். சாத்தனார் அதை வாயில் என்கிறார். அவர்கள் பானம் பருகுபவனை வரையும் இடத்தில் இவருக்கு வேட்கை. கனி பறிக்கும் கை வரும் இடத்தில் பற்று. இவை வடமொழிக் கலைச்சொற்களின் பெயர்ப்புதானே என்பர். உண்மைதான், பவம் அப்படியே கடனாக வந்த சொல். ஆனால் மற்றவற்றையும் அப்படியே எடுத்தாளாமல், வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களை அவர் தேர்ந்ததால் கேட்பவர் மனத்தில் படம் தானே விரிகிறது. புகாரின் சுடுகாட்டருகே தெய்வத்தச்சன் மயன் மண்ணால் சமைத்த சக்கரவாளக் கோட்டத்தை இதே காப்பியம் விவரிக்கிறதே, உருவக்கலை அவருக்கு அந்நியமா என்று கேட்கலாம். அந்நியமில்லை. அங்கே மலை, கடல், தீவு, உயிர்கள் என உலகின் அமைப்பு மண்ணில் நிற்கிறது. பிறவி ஏன் தொடர்கிறது என்ற காரணத்தை விளக்கும் இடம் வந்ததும் சாத்தனார் மண்ணை நாடவில்லை. கதையைக் காஞ்சிக்குக் கொண்டுவந்து, முதிய ஆசானைப் பேசவைத்து, மணிமேகலையைக் கேட்கவைக்கிறார்.