கொதிக்கும் நீரும் பழைய லேண்ட் ரோவரும்



மோட்டார் வண்டியின் வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. அந்தத் தேவையே மலாயாக் காடுகளை ரப்பர்த் தோட்டங்களாக மாற்றியது. நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. அவர்கள் சீவிய பால் உலகத்தின் சக்கரங்களை உருட்டியது. ஆனால், வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கும் நிலைக்கு நம் குடும்பங்கள் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்று செம்பனைக் குலை ஏற்றவும், காய்கறி ஏற்றவும், செம்மண் பாதையில் போய்வரவும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்க நம்மில் சிலர் விரும்புகிறோம். அது பல ஆண்டுச் சேமிப்பாக இருக்கும். அந்தப் பணத்தை ஒரே நாளில் விழுங்கிவிடக்கூடியது இஞ்சினின் சூடு. மேலே பூசிய சாயம் நம்மை ஏமாற்றலாம். உள்ளே ஓடும் நீர் எளிதில் ஏமாற்றாது. ஆகவே, இஞ்சினின் சூட்டை மனிதன் எவ்வாறு அடக்கினான் என்ற வரலாற்றை இன்று பார்ப்போம். அதன் ஒவ்வொரு கட்டமும், வண்டி வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறது.

இஞ்சினுக்குள் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதியை வெளியேற்றாவிட்டால் இரும்பும் தாங்காது. 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றபோது, அதில் ரேடியேட்டர் இல்லை. நீர் கொதித்து ஆவியாகப் போகும். போனதை மீண்டும் ஊற்ற வேண்டும். 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் பயணம் செய்தார். வழிநெடுக நீர் தேடி ஊற்றிக்கொண்டே போகவேண்டியிருந்தது.

அன்று நீர் குறைவது இயல்பு. இன்றைய வண்டியில் நீர் குறைந்தால் அது நோய். எங்கோ ஒழுகுகிறது, அல்லது இஞ்சினுக்குள்ளேயே புகுகிறது என்று பொருள். விற்பவர் வண்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தால், ஏன் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

1900ஆம் ஆண்டின் முடிவில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியியலாளர், மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்களின் ஊடே காற்று புகுந்து நீரைக் குளிர்வித்தது. குறைந்த நீரே போதுமானதாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது, ரேடியேட்டருக்குக் காற்றும் உயிர் என்பது. தோட்டப் பாதையில் ஓடிய வண்டியில் சேறும் சருகும் அந்த இடுக்குகளை அடைத்திருக்கும். விளக்கடித்துப் பாருங்கள். மெல்லிய தகடுகள் நசுங்கியோ, உதிர்ந்தோ, பச்சை பூத்தோ இருந்தால் ரேடியேட்டருக்குச் செலவு காத்திருக்கிறது.

அடுத்து வந்தது அழுத்த மூடி. மூடி நீரை அழுத்திப் பிடித்திருப்பதால், நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிப்பதில்லை. கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால், மலையேறும் வண்டிக்கு நல்ல மூடி இன்றியமையாதது. இங்கே ஓர் எச்சரிக்கை. சூடான வண்டியின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் விலகியதும் நீர் பொங்கி எழுந்து முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

இனி நம் நாட்டுப் பாதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப்பின், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் அமெரிக்க இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் பார்த்தே லேண்ட் ரோவர் உருவானது. எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் உடல் பகுதிக்கு அலுமினியத் தகடு பயன்பட்டது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. இராணுவமும் போலீசும் லேண்ட் ரோவரில் தோட்டப் பாதைகளைச் சுற்றின. பின்னர் தோட்டத் துரைமாரும், கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளும் அதை ஓட்டினர். அந்த மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் காய்கறிக் கூடை சுமக்கின்றன. அந்த வழியில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரியில் இங்கிலாந்தில் செய்து முடிக்கப்பட்டது.

குளிர் நாட்டில் பிறந்த இந்த வண்டிக்கு அங்கே நீர் உறையாதிருக்க ஒரு மருந்தைக் கலந்தார்கள். அந்த மருந்து துருவையும் தடுத்தது. நம் நாட்டில் பனி இல்லை. ஆகவே மருந்து எதற்கு என்று பலர் ஆற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றி ஓட்டினர். பல வண்டிகளுக்கு வினை வந்தது இதனால்தான். உறைபனி இல்லாத நாட்டிலும் துரு உண்டு. துருச்சேறு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். எனவே இஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நிறமுள்ள கூலண்ட் நல்ல அடையாளம். தேநீர் போன்ற பழுப்பு நீர், வருடக்கணக்கில் கவனிக்கவில்லை என்று சொல்லும். கூலண்ட் இனிக்கும் நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி வையுங்கள்.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் இஞ்சினே அலுமினியத்தால் ஆனது. எடை குறைந்தது, ஆனால் அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினியத் தலைப்பகுதி எளிதில் வளைந்துவிடும். வளைந்தால் இடையிலுள்ள கேஸ்கட் நெகிழும். நீரும் எண்ணெயும் கலக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற பசை ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். மூடி திறந்த நிலையில் ஆறிய இஞ்சினை முடுக்கியதும் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் நில்லாமல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயாவிட்டால் நீர் எரிகிறது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது.

நேயர்களே, வண்டி பார்க்கப் போகும்போது அவசரம் வேண்டாம். காலையில், இஞ்சின் முடுக்குமுன் போங்கள். முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கப்படலாம். ரப்பர்க் குழாய்களைப் பிசைந்து பாருங்கள். வெடிப்போ வீக்கமோ ஆகாது. நீர்ப் பம்பின் கீழே கறை உண்டா என்று பாருங்கள். பிறகு மேடேறி ஓட்டுங்கள். திரும்பி வந்து, பத்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டு, சூடு காட்டும் முள்ளைக் கவனியுங்கள். முள் அசையவே இல்லையென்றால் மகிழ வேண்டாம், அது கெட்டிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நோயைக் குணப்படுத்தாமல் காய்ச்சலை மறைக்க அதைக் கழற்றுவோர் உண்டு. மறுநாள் ஆறிய வண்டியில் நீரின் அளவை மீண்டும் பாருங்கள். முடிந்தால் நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, இஞ்சினை மாற்றும் செலவின் முன் மிகச் சிறியது.

விற்பவருக்கு இதில் வருத்தம் வரலாம். வரட்டும். நல்ல வண்டி வைத்திருப்பவர் நாம் பார்ப்பதைத் தடுக்கமாட்டார். ரப்பர் தந்து உலகத்தை ஓடவைத்த குடும்பங்கள், தாம் வாங்கும் வண்டி நடுவழியில் கொதித்து நிற்காதபடி பார்த்துக்கொள்ள உரிமை உடையவை. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் நீரைப் பாருங்கள்.