கலா (இசைத்தொகுப்பு)

கலா என்பது ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த பாடகியும் பாடலாசிரியருமான எம்.ஐ.ஏ. (மாதங்கி "மாயா" அருள்பிரகாசம்) 2007 ஆகஸ்டில் வெளியிட்ட இரண்டாவது ஸ்டுடியோ இசைத்தொகுப்பு ஆகும். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான அருளர் என்பதைச் சூட்டியவர், இதற்குத் தாயின் பெயரை வைத்தார்.

பின்னணி

அமெரிக்காவில் தங்கி இத்தொகுப்பை உருவாக்க எண்ணியிருந்தார். ஆனால் விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டது. எனவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பயணம் செய்தபடியே பாடல்களை உருவாக்கினார். அடைபட்ட கதவே தொகுப்பின் ஒலியைத் தீர்மானித்தது எனலாம்.

உறுமியின் ஒலி

சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஸ்டுடியோவில் உறுமிக் கலைஞர்களின் வாசிப்பு பதிவானது. "பேர்ட் ஃப்ளூ", "பாய்ஸ்" ஆகிய பாடல்களில் இதைக் கேட்கலாம். உறுமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமல் போன்ற ஒலி எழும். திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களிலும் தேவராட்டத்திலும் ஒலிக்கும் கருவி இது. தளபதி படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல் ஒன்றின் பகுதியும் "பேம்பூ பேங்கா" பாடலில் எடுத்தாளப்பட்டுள்ளது.

வரவேற்பு

விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினர். ரோலிங் ஸ்டோன் இதழ் 2007ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது. குடியேறிகளைப் பற்றிய அச்சத்தைக் கேலி செய்யும் "பேப்பர் பிளேன்ஸ்" 2008இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடத்தை எட்டியது. ஆனால் அதன் பல்லவியில் வரும் துப்பாக்கி ஒலியை எம்டிவி மழுப்பி ஒளிபரப்பியது.

பாராட்டிலும் ஒரு குறை இருந்தது. இவரது இசைக்கான பெருமையை ஆண் தயாரிப்பாளர்களுக்கே, குறிப்பாக டிப்ளோவுக்கே, சிலர் அளித்தனர். 2007இல் பிட்ச்போர்க் நேர்காணலில் எம்.ஐ.ஏ. இதை வெளிப்படையாக எதிர்த்தார். கலாவின் பெரும்பாலான பாடல்களை ஸ்விட்ச் என்பவருடன் இணைந்து தயாரித்தவர் அவரே.

மதிப்பீடு

படைத்தவர் யார் என்ற இக்கேள்வி உறுமிக் கலைஞர்களுக்கும் பொருந்தும். அவர்களின் தாளம் உலகெங்கும் ஒலித்தது. பெயர்களோ விமர்சனங்களில் அரிதாகவே இடம்பெற்றன. ஒரு தொகுப்பின் வரலாற்றை எழுதும்போது விருதுகளோடு இதையும் பதிவுசெய்வது தேவையாகிறது.