மரக்கரண்டியும் கொடும்பாவியும்

கல்லூரிக் குறும்பு என்றாலே நமக்குக் கடைசி பெஞ்சுதான் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜிலோ கடைசி ஆளுக்குப் பரிசே கொடுத்தாங்க!

அங்கே கணித ஆனர்ஸ் தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். முதலிடம் பெற்றவர் 'சீனியர் ராங்ளர்'. 1899-இல் அந்த இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டவர், புனே பெர்குசன் கல்லூரியில் படித்துப்போன ஆர்.பி. பராஞ்சபே. தேறியவர்களில் கடைசியாக வந்தவருக்குக் கிடைத்தது மரக்கரண்டி. பட்டம் வாங்க அவர் துணைவேந்தர் முன் வரும்போது, தோழர்கள் மேல்மாடத்திலிருந்து அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஏதோ சாம்பார்க் கரண்டி என்று எண்ண வேண்டாம். போகப்போகப் படகுத் துடுப்பு அளவுக்கு வளர்ந்துவிட்டது! 1909-தான் கடைசிக் கரண்டி. பிறகு தரவரிசை அறிவிப்பதே நின்றுபோக, கடைசி ஆள் யாரென்று தெரியாமல் போயிற்று.

ஆனால் எல்லாக் கேலியும் இப்படித் தோளில் தட்டும் கேலியல்ல. 1890-இல் பிலிப்பா பாசெட் என்ற மாணவி சீனியர் ராங்ளரையும் மிஞ்சினார். பெண் என்பதால் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897-இல் வாக்கெடுப்பு வந்தபோது, செனட் மாளிகைக்கு எதிரே, சைக்கிள் ஓட்டும் பெண்ணின் கொடும்பாவியைத் தொங்கவிட்டுச் சிரித்தார்கள் மாணவர்கள். தீர்மானம் தோற்றது. பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கரண்டி வாங்கியவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கலாம். கையில் அவனுக்குப் பட்டம் இருந்தது. கொடும்பாவியைப் பார்த்த பெண்ணுக்கு என்ன இருந்தது? எந்தக் கேலியையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.