காலமானது கமலை

மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலைச் சுற்றிய தோட்டங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கிணறுகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் இறைத்த கமலை காலமாகிவிட்டது. செத்த தேதியைச் சொல்ல முடியாது; நோய் கண்ட காலம் தெரியும். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, தென்மாவட்டக் கிணற்று மேடுகளுக்கு மெல்ல மெல்லக் கரண்டுக் கம்பி வந்தது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானபோது கமலைக்கு ஏறக்குறைய மூச்சு நின்றிருந்தது. மிச்சத்தை ஆழ்துளைக் கிணறு பார்த்துக்கொண்டது: தண்ணீரே வடத்துக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.

பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் மொள்ள இரும்புக் கூனை, அதன் அடியில் தோலால் ஆன வால். கூனையை இழுக்க வடம். வாலை மடக்கித் தூக்கிப் பிடிக்க வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை மேலே வரும். இழுவைக்குப் பாரம் சேர்க்க ஆள் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். கிணற்று விளிம்பைத் தாண்டியதும் வால் தானே நீண்டு தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். கவிழ்க்க இன்னோர் ஆள் வேண்டாம். அந்த இரண்டு கயிற்றின் நீளக் கணக்கைக் கண்டுபிடித்தவனுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. கொட்டியதும் மாடுகள் முகம் திருப்பாமல் பின்னாலேயே நடந்து மேடேறும்.

புகழ்ந்தே அனுப்பிவிடக் கூடாது. விடியுமுன் மாடு பூட்டியவரின் இடுப்புக்கும், மாட்டின் கழுத்துப் புண்ணுக்கும் மோட்டார் பெரிய விடுதலை. ஆனால் தோல் தைத்தவர், வடம் திரித்தவர், உருளை கடைந்த ஆசாரி என்று கமலையை நம்பியிருந்த பிழைப்புகளும் கூடவே போயின.

கமலையை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாமே என்று தோன்றும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை, செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு அது போதும். கமலையை அப்படிப் பெயர்த்து வைத்தால் கிடைப்பது ஒரு கூனையும் கொஞ்சம் கயிறும்தான். கொத்தனார் கிணற்றைக் கட்டிவிடுவார், கொல்லர் கூனையை அடித்துவிடுவார். பின்னால் நடக்கப் பழகிய ஜோடி மாடு எந்தச் சந்தையில் கிடைக்கும்? காளைக் கன்றுக்கு அந்த நடையைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடிப் போக வேண்டும், அதுவும் இந்தக் கோடைக்குள்.