சென்னைத் தொழிலாளர் சங்கம்

பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய அமைப்பு. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் பரவலாகக் கருதப்படுவது. பம்பாயில் லோகாண்டே முன்னரே நடத்திய மில் தொழிலாளர் அமைப்புக்கு உறுப்பினர் பதிவோ சந்தாவோ இல்லாமையால் அது இக்கணக்கில் வராது.

தோற்றம்: சங்கத்தின் வேர் ஒரு பக்திச் சபையில் இருக்கிறது. ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் வணிகர்கள். மில் தொழிலாளரின் குறைகளை அன்றாடம் கேட்டவர்கள். சொற்பொழிவு கேட்க வந்த கூட்டத்திடம் 1918 மார்ச்சில் திரு.வி.க. தொழிலாளர் ஒற்றுமை பற்றிப் பேசினார். பின்னர் செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசன்டின் உடன்பணியாளரான பி. பி. வாடியாவை அணுகினர். அவர் தலைவரானார்.

சேரத் தூண்டியவை: சங்கம் போராடிப் பெறும் கூலி உயர்வு சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கும். அப்படியிருக்க ஒருவர் ஏன் சேர வேண்டும் என்ற கேள்வியை பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965இல் நூலாகவே எழுதினார். பெரம்பூரில் மூவகைத் தூண்டுதல்கள் செயல்பட்டன.
(1) பொருட்பயன்: போர்க்கால விலையேற்றத்தில் சங்கம் மலிவு விலைத் தானியக் கடை நடத்தியது, படிப்பகமும் வைத்தது.
(2) கூடிவாழும் உணர்வு: சபையில் பழகிய முகங்களே சங்கத்திலும் இருந்தன.
(3) தன்மானம்: அடி, வசவு, போதாத உணவு இடைவேளை ஆகியவற்றை மேடையில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தது.
இவற்றுள் இரண்டாவதே அடிப்படை எனலாம். கூட்டம் முதலில் கூடியது, கடை பிறகே வந்தது.

சோதனைகள்: 1920 டிசம்பரில் போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர். மில்களை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. தொழிலாளர் இயக்கத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் குரல் இதனால் வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இதற்கிடையே, 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். இதையடுத்துப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. சாதி இந்துக்களின் பக்திச் சபையில் முளைத்த உறவு, சேரிவரை நீளவில்லை. பிளவுக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

பிற்காலம்: திரு.வி.க. நெடுங்காலம் சங்கத்துக்குத் துணைநின்றார். 1947 வேலைநிறுத்தத்தின்போது வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மில்கள் 1996இல் மூடப்பட்டன.