வரைந்த கையும் கட்டிய கையும்

இந்தியக் கடற்படையின் 'மாதேயி' பாய்மரப் படகை 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்றே ஆவணங்கள் குறிக்கின்றன. கட்டுமானத்தைப் பொறுத்தவரை இது சரியே; ஆனால் வரைபடத்தின் வரலாறு வேறு.

டச்சு வடிவமைப்பாளர் இ. ஜி. வான் டி ஸ்டாட் 1933இல் சாண்டாமில் படகுக் கட்டுதளம் நிறுவினார். 1949இல் வெளிவந்த அவரது 'ஸேவால்க்' ஒட்டுப்பலகையால் ஆனது; அதில் சுக்கான் அடிக்கட்டையிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. அவர் பெயரிலான வடிவமைப்பகத்தின் 'டோங்கா 56' வரைபடமே கோவாவின் திவார் தீவை வந்தடைந்தது.

அங்கே ரத்னாகர் தாண்டேகரின் பட்டறைக்குப் பெருங்கடல் பாய்மரப் படகு கட்டிய முன்அனுபவம் இல்லை. எனினும் மரப்பட்டைகளையும் கண்ணாடி இழையையும் இணைத்து உருவான 56 அடிப் படகு, 2009 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. அதில் திலீப் தோண்டே 2009–10இல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். அபிலாஷ் டோமி 2012–13இல் எங்கும் நிற்காமல் சுற்றினார். அதே வரைபடத்தில் அதே பட்டறை கட்டிய 'தாரிணி'யில் ஆறு பெண் அதிகாரிகள் 2017–18இல் உலகைச் சுற்றினர்.

மாலுமிகளின் பெயர்கள் பாடநூல்வரை சென்றுவிடும். வரைந்தவரையும் கட்டியவர்களையும் சேர்த்து எழுதினால்தான் படகின் வரலாறு முழுமை பெறும். அயல் வரைபடம் என்பதால் பட்டறையின் அறிவு குறைந்துவிடாது. காகிதத்தில் இருந்ததைக் கடலுக்குத் தகுதியாக்கியது அந்த அறிவே.